ஓசூர் ரோட்டில் கலைவாணியின் மூன்று விரல்கள்

இந்தத் தளத்தில் இதுவரை பைக்கில் சுற்றிய ஊர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். இது அந்த வகையல்ல. போன வருடம், ஓசூர் ரோட்டில் மேம்பால வேலை நடந்துகொண்டிருந்த மழைக்காலத்தில், என் தங்கை கலைவாணியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பொம்மசந்திராவிலிருந்து பெங்களூருக்குள் போன கதை. தூரம் ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். யாரும் ஆசைப்பட்டுக் கிளம்புகிற பயணமில்லை. அந்தப் பக்கம் வேலை பார்க்கிற எவருக்கும் ஒருநாள் வாய்க்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

கலைவாணி அட்டைப்பெட்டி செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். நான் இரண்டு தெரு தள்ளி இன்னொரு கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். பெங்களூர் ஆடுகோடியில் எங்கள் வீட்டிலிருந்து தினமும் ஒரே பஸ்ஸில்தான் வருவோம். அன்று காலை பத்து மணி வாக்கில் அவளோடு வேலை செய்யும் யசோதா எங்கள் கேட்டுக்கு ஓடிவந்தாள்.

“அண்ணா, பேகா வாங்க, சீக்கிரம். கலாவுக்கு மெஷின்ல கை மாட்டிக்கிச்சி.”

அட்டை வெட்டும் மெஷின். கை உள்ளே போகாமலிருக்க அதில் ஒரு தடுப்பு இருந்ததாம். வேலை மெதுவாகிறதென்று கழற்றி வைத்துவிட்டார்கள். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். நடுவிலிருந்த மூன்றும் இல்லை.

பக்கத்திலிருந்த கிளினிக் டாக்டர் ரத்தத்தை நிறுத்திக் கட்டுப்போட்டார். யசோதா துணியில் எடுத்துவந்திருந்த விரல்களை ஈரத்துணியில் சுற்றி, ஒரு கவரில் போட்டு, அந்தக் கவரை ஐஸில் வைத்துக் கொடுத்தார். “சுத்தமான வெட்டு. சீக்கிரம் போனா ஒட்ட வைக்க முடியும். பெரிய ஆஸ்பத்திரியா பாத்துப் போங்க” என்றார்.

வாசலில் கான்ட்ராக்டர் நின்றிருந்தார். என்னைத் தனியே இழுத்தார். “தம்பி, அங்க போயி கம்பெனி பேரெல்லாம் சொல்லாத. வீட்ல நடந்துச்சின்னு சொல்லு. ஸும்னே, தேவையில்லாம போலீஸ் தொந்தரவு எதுக்கு?”

“இ.எஸ்.ஐ. கார்டு எங்க சார்? மாசாமாசம் சம்பளத்துல புடிக்கிறீங்களே?”

“அது இன்னும் வர்ல. ப்ராசஸ்ல இருக்கு.”

அவள் அங்கே சேர்ந்து இரண்டு வருடமாகியிருந்தது.

ஆட்டோ ஓட்டியவர் ஒரு பாய். வாடகை எவ்வளவு என்று கேட்டேன். “அத்த அப்புறம் பாக்கலாம், புள்ளய புடி” என்று கிளப்பினார். எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டியதும் ரோடு பாதியாகச் சுருங்கியது. சில்க் போர்டு சிக்னலில் அரைமணி நேரம் நகரவில்லை. பாய் இறங்கிப் போய் முன்னால் நின்ற லாரிக்காரனிடம் கத்தினார். கலைவாணி என் தோளில் சாய்ந்தபடி, “அம்மாகிட்ட இப்ப சொல்லாதண்ணா, ஒட்டினப்புறம் சொல்லிக்கலாம்” என்றாள்.

பன்னிரண்டு மணிக்குள் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியை அடைந்துவிட்டோம். பெயர் வேண்டாம். கேஷுவாலிட்டியில் இருந்த இளம் டாக்டர் கவரைத் திறந்து பார்த்து, “நேரம் இருக்கு, செய்யலாம்” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு கவுண்டருக்கு அனுப்பினார்கள்.

“அறுபதாயிரம் டெபாசிட் கட்டிடுங்க சார். இன்சூரன்ஸ் இருந்தா கார்டு குடுங்க, போதும்.”

எங்களிடம் எந்தக் கார்டும் இல்லை. கணக்கிலிருந்ததை எடுத்தேன். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தேன். பாதிகூடத் தேறவில்லை. இதை வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள், மீதியை நாளைக்குள் கட்டுகிறேன் என்று கெஞ்சினேன். கவுண்டர் பெண் நல்ல தமிழில், “முழுசா கட்டினாதான் சார் சிஸ்டம் எடுத்துக்கும்” என்றாள். அதே ஹாலில் வெளிநாட்டு நோயாளிகளுக்கென்று தனி கவுண்டர். சோபா, பூச்சாடி, சிரித்த முகத்தோடு ஒரு பெண். கலைவாணி எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், ஐஸ் உருகி மடியெல்லாம் நனைந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு மணிக்கு மேல் அந்த இளம் டாக்டரே என்னிடம் வந்தார். அதற்கு முன்பே இரண்டு முறை எங்களுக்காக மேலே பேசிப் பார்த்தவர். “இங்க உக்காந்து டைம வேஸ்ட் பண்ணாதீங்க. கவர்மென்ட்டுக்குப் போயிடுங்க” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அரசு ஆஸ்பத்திரியில் யாரும் பணம் கேட்கவில்லை. கூட்டத்தை விலக்கி உடனே பார்த்தார்கள். ஆனால் விரல் ஒட்டுகிற வசதி அங்கே இல்லை. “காலைலயே வந்திருந்தா வேற இடத்துக்காவது சொல்லி அனுப்பியிருப்பேன். இப்ப காயத்த மூடத்தான் முடியும்” என்று சர்ஜன் என்னிடம் சொன்னார். அது கலைவாணிக்குச் சரியாகக் கேட்கவில்லை. “ஒட்டறதுக்கு எவ்ளோ நேரம் ஆவும் டாக்டர்?” என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்.

லேபர் ஆபீஸில் மனு கொடுத்தோம். அப்படி ஒரு பெண் தன்னிடம் வேலையே பார்க்கவில்லை என்றார் கான்ட்ராக்டர். யசோதா மட்டும் வந்து சாட்சி சொன்னாள். அடுத்த வாரமே அவளுக்கும் வேலை போயிற்று. வழக்கு இன்னும் நடக்கிறது.

இனி, போக நேர்கிறவர்களுக்கு. விரலை நேராக ஐஸில் போடாதீர்கள். ஈரத்துணி, கவர், அதற்கு வெளியேதான் ஐஸ். கிளம்பும் முன்பே போன் செய்து, ஒட்டுகிற வசதி இருக்கிறதா, எவ்வளவு கேட்பார்கள் என்று விசாரியுங்கள். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தால் உங்கள் நம்பரைக் கேளுங்கள். அந்த நம்பர் உண்மையா என்று அவர்கள் ஆபீஸில் நேரில் போய்ப் பாருங்கள். இதை இன்றே செய்யுங்கள். அவசரத்தில் வருகிறவரிடம் முன்பணம் கேட்கக் கூடாது என்று சட்டம் பேசலாம். பேசினால் உட்காரச் சொல்வார்கள். நான் உட்கார்ந்தேன்.

கலைவாணி இப்போது இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டாள். போன மாதம் தொம்மலூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரம்மா அவள் கையைப் பார்த்துவிட்டு, எழுந்து வேறு வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். கலைவாணி இலையை மூடிவிட்டு எழுந்தாள். வீட்டுக்கு வந்ததும், “அண்ணா, இனிமே கல்யாணத்துக்கெல்லாம் நீயே போய் மொய் எழுதிட்டு வந்துடு” என்றாள்.