குலுங்குது, வரலாம்

அந்தச் சின்ன விமான நிலையத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் 'போயிட்டு வரேன்'. வீட்டை விட்டுக் கிளம்பும்போது எல்லோரும் சொல்வதுதான். ஆனால் இவர் போய்ச் சேராமலே வந்துவிடுகிறவர் என்பது அதிலிருந்த குத்தல். காற்று சரியில்லை என்றால் பாதி வழியில் விமானத்தைத் திருப்பிவிடுவார். "போறதுக்குப் பாதி, வர்றதுக்குப் பாதின்னு பெட்ரோல் போட்டாச்சு சார்" என்பார் மெக்கானிக், முகத்தில் சிரிப்பே காட்டாமல். பயணிகளைப் பெட்டியோடு தராசில் ஏற்றி எடை பார்க்கும் கவுண்டர் பெண் மட்டும் வாய்விட்டுச் சிரிப்பாள்.

அவர் கோபித்துக்கொண்டதில்லை. ஒன்பது பேர் உட்காரும் விமானத்தை மலைக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓட்டியே தலை நரைத்தவர். பெரிய கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. அவரைவிட நேர்த்தியாகத் தரையிறக்குகிறவர்கள் அங்கே உண்டு. தன் பயத்தைச் சரியாக அளக்கத் தெரிந்தவர், அவ்வளவுதான். அந்த ஒரு திறமைக்கும் மரியாதை கிடைப்பதில்லை. திரும்பி வந்தவன் எதிலிருந்து தப்பினான் என்பதை யாரும் பார்ப்பதில்லையே. நடக்காமல் போன விபத்துக்குச் சாட்சி ஏது?

மலையைக் கடக்க இரண்டு சிகரங்களுக்கு நடுவே ஓர் இடைவெளி உண்டு. விமானிகள் அதைக் 'கழுத்து' என்பார்கள். கழுத்தைக் கடந்து வருகிறவர், எதிரே போகிறவருக்கு ரேடியோவில் காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்கு அவர்களிடம் மூன்றே சொற்கள். 'குலுங்குது' என்றால் வரலாம். 'உதறுது' என்றால் யோசித்துக்கொள். 'தூக்கிப் போடுது' என்றால் வராதே. இதற்குமேல் அங்கே யாரும் விளக்கம் கேட்பதில்லை.

மாமனாருக்கு மூச்சு இழுக்கிறது என்று மச்சானிடமிருந்து போன் வந்த அன்று, மதிய விமானம் அவருடைய முறை. ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். சாலை வழியாகப் போனால் ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். மனைவி மாற்றுப் புடவை ஒன்றைப் பையில் திணித்துக்கொண்டு வந்து, முன்னால் அவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். அவளுக்கும் ஒரு ஹெட்போன் மாட்டிவிட்டார்.

கழுத்து கண்ணில் படும்போதே எதிர்த் திசையிலிருந்து 'புலி'யின் குரல் வந்தது. புலி, கம்பெனியின் இன்னொரு விமானி. வயதில் இளையவன். முதலாளிக்குச் செல்லப்பிள்ளை.

"குலுங்குது. வரலாம்."

அவள் அதைத் தன் காதாலேயே கேட்டாள்.

அவர் வேகத்தைக் குறைத்து, மலைச்சரிவை ஒட்டிச் சாய்வாகப் போனார். காற்றின் முதல் அடியில் பின்னால் ஒரு குழந்தை அலறியது. இரண்டாவதில் இருக்கைப் பட்டி தோளை அறுத்தது. அப்புறம் காற்று விமானத்தை அடித்து ஆட்டவில்லை. கீழே தள்ளியது. இரண்டு இன்ஜினும் முழு மூச்சில் உறுமிக்கொண்டிருக்க, உயரம் காட்டும் முள் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. அவர் வளைத்தார்.

"என்னங்க, ஏன் திருப்புறீங்க?"

"முடியாதும்மா."

"அப்பா காத்துக்கிட்டிருக்காருங்க."

"தெரியும்."

"வரலாம்னு சொன்னாரே அவரு! இப்பத்தானே சொன்னாரு!"

அவர் கிளம்பிய இடத்துக்கே விமானத்தை ஓட்டினார். தரையிறங்கியபோது புலி தன் விமானத்தின் இறக்கையில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவள் அவனை ஒரு முறை பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

பஸ் பாதி வழியில் இருக்கும்போதே மாமனார் போய்விட்டார்.

திரும்பி வந்தவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் அவருக்குப் பேச ஒரு வழி கிடைத்திருக்கும். நேரத்துக்குச் சோறு போட்டாள், சட்டைகளை மடித்து வைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒருநாள் அவள் தன் தங்கையிடம் போனில் பேசுவது கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது. "பயந்துட்டேன்னு சொல்லியிருந்தாக்கூட விட்டிருப்பேன்டி. காத்து, உயரம்னு எனக்குப் பாடம் எடுக்கிறாரு. அந்த ஆளு வந்து நின்னு டீ குடிச்சதை நான் பாத்தேனே!"

சில மாதங்கள் கழித்து, ஓய்வறையில் தனியாக இருந்தபோது புலியே வாயைத் திறந்தான்.

"அண்ணே, அன்னிக்குச் செத்தேன்னுதான் நினைச்சேன். தூக்கிப் போட்டுச்சுண்ணே. தலை கூரையில இடிச்சு வீங்கிப்போச்சு. இறங்கினப்புறம் கால் நிக்கலை. அதான் இறக்கையில சாஞ்சுக்கிட்டிருந்தேன்."

"அப்புறம் ஏன்டா குலுங்குதுன்னு சொன்னே?"

"முதலாளி ரூம்ல ரேடியோ ஓடிக்கிட்டே இருக்குமே. தூக்கிப் போடுதுன்னு சொன்னா, நீ ஏன்டா அதுக்குள்ள போனேம்பாரு. அப்புறம் அடுத்த தடவை திரும்ப வேண்டியிருக்கும், நானும் 'போயிட்டு வரேன்' ஆயிடுவேன்."

அவருக்குக் கோபம் வரவில்லை. ஒரு சாட்சி கிடைத்துவிட்டதே என்றுதான் தோன்றியது.

"ஊருக்கெல்லாம் சொல்ல வேணாம். வீட்டுக்கு வந்து என் பொண்டாட்டிகிட்ட ஒரு தடவை சொல்லு, போதும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். அவள் டீயை வைத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அன்னிக்கு உண்மையில எப்படி இருந்துச்சு?"

புலி டம்ளரைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், அண்ணனை மட்டும் பார்க்கவில்லை.

"லேசா குலுங்குச்சு, அண்ணி. அண்ணன் கொஞ்சம் ஜாக்கிரதையான ஆளு."

வாசலில் செருப்பை மாட்டும்போது, "அண்ணி முகத்தப் பாத்ததும் வாய் வரலைண்ணே" என்று முணுமுணுத்தான். அவர் கேட்டைத் திறந்துவிட்டார். அவனை வெறுக்க வேண்டும் என்று முயன்று பார்த்தார். அதற்கும் தெம்பு இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மதியம், ஏழு பயணிகளோடு கழுத்தை நெருங்கினார். எதிரே யாரும் வரவில்லை. ரேடியோ இரைந்துகொண்டிருந்தது. வழக்கமாகச் சாய்வாகப் போவார். திரும்புவதற்கு அப்போதுதான் இடம் இருக்கும். அன்று விமானத்தின் மூக்கை நேராக வைத்தார். உள்ளே போனதும் காற்று பிடுங்கியது. பின்னால் பெட்டிகள் பறந்தன, யாரோ வாந்தியெடுத்தார்கள். வேகம் போதாது, விமானம் விழப்போகிறது என்ற எச்சரிக்கை ஒலி விட்டுவிட்டுக் கத்தியது. வலது பக்கப் பாறையில் ஒட்டியிருந்த ஈரப் பாசி தெரியும் அளவுக்கு மலை கிட்டே வந்தது. அப்புறம் காற்றே, என்ன நினைத்ததோ, அவர்களை அந்தப் பக்கம் துப்பியது. அதில் அவருடைய திறமை எதுவும் இல்லை. அது அவருக்கு நன்றாகத் தெரியும். பயணிகள் கைதட்டினார்கள்.

ரேடியோவில் முதலாளியே வந்து, "கழுத்து எப்படி இருக்கு?" என்றார்.

மைக் பொத்தானை அழுத்தினார்.

"குலுங்குது. வரலாம்."

அவருக்குப் பின்னால் யாரும் கிளம்பவில்லை. மழை கனத்து, மற்ற விமானங்களை நிறுத்திவிட்டார்கள். அவர் பாட்டுக்கு அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

மறுநாள் வீடு திரும்பியபோது செய்தி முன்பே வந்திருந்தது. பயணிகள் சொன்னதைக் கேட்டு, கவுண்டர் பெண் போன் செய்து பாராட்டினாளாம். மனைவி தட்டை வைத்து, சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். இவ்வளவு நாளில் அவள் அப்படி எதிரில் உட்கார்ந்ததில்லை.

"நேத்துப் போயிட்டீங்களாமே?"

"ஆமா."

"அன்னிக்கு மாதிரியேதான் காத்து அடிச்சுதாமே?"

"அதைவிட மோசம்."

அவள் அவர் தட்டில் ரசம் ஊற்றினாள். பிறகு மெதுவாக, ஏதோ நெடுநாள் கணக்கு ஒத்துவந்ததுபோலச் சொன்னாள்.

"அப்ப, அன்னிக்கும் போயிருக்கலாம்."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அவர் கை நின்றது.

"இல்லம்மா. நேத்துப் போனதுதான் தப்பு. ஏழு பேரைக் கொன்னிருப்பேன். அன்னிக்குத் திரும்பினதுதான் சரி."

"ஏழு பேரும் கைதட்டினாங்களாமே!" என்று அவள் சிரித்தாள். அப்பா போன பிறகு அவர் கேட்ட முதல் சிரிப்பு அது.