பந்துப்பூத் தொட்டியில் சிறுகீரை

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இந்த வயதிலும் எனக்குப் பூந்தொட்டி மண்ணில் விரலை விடாமல் இருக்க முடியாது. வெயில்காலம் ஆரம்பித்தால் போதும்... காலையில் எழுந்ததும் பால்கனிக்குப் போய், உள்ளே பூக்கிழங்கு உயிரோடு இருக்கிறதா என்று ஒரு கிளறு. அந்த ஈரமண் வாசனை விரலில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதுதான் காபியே இறங்கும்.

"அத்தே, அது இன்னா கொழந்தையா? மூச்சு வருதான்னு தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்களே!" என்பாள் மருமகள்.

திருத்தணிப் பெண். நான் சொல்லச் சொல்ல இதைப் போனில் தட்டுவதும் அவள்தான். எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்தது தெலுங்கு எழுத்து, அதுவும் பாதி. பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள். நன்றாக இருந்தால் என்னைச் சொல்லுங்கள்.

இந்த வியாதி எனக்குப் பிடித்த இடம் புத்தூர்.

கல்யாணமான புதிதில் நானும் என் வீட்டுக்காரரும் அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் வேலைக்கு இருந்தோம். அவர் வாட்ச்மேன். நான் கூட்டுவது, கழுவுவது. பின்பக்கம் ஜெனரேட்டரை ஒட்டி ஒரு ரூம் கொடுத்திருந்தார்கள். கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். பெரியவன் வயிற்றில் இருந்தான். அந்த ரூமை விட்டால் எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

மண்டபத்துப் படி ஓரமாக ஓனரம்மா வரிசையாகத் தொட்டி வைத்திருந்தார். எல்லாம் பந்துப்பூ. ஒற்றைத் தண்டு, உச்சியில் சிவப்பாக ஒரு பூப்பந்து. வருடத்துக்கு ஒரே தடவை, மே மாதத்தில். கிழங்கெல்லாம் சாந்திபுரத்தில் இருக்கிற அவர் அம்மா வீட்டிலிருந்து வந்தது. ஓனரையாவைக்கூடச் சில நாள் மறந்துவிடுவார்... தொட்டியை மறக்கமாட்டார்.

தீபாவளி முடிந்ததும் மகள் பிரசவத்துக்கென்று பெங்களூர் கிளம்பினார். காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "ஏமே, அந்தத் தொட்டிங்கள ஒண்ணும் பண்ணாதே. நான் வந்து பாத்துக்கறேன்."

சரிங்கம்மா என்று தலையை ஆட்டினேன்.

கார் போய்க் கொஞ்ச நாளில் இலை மஞ்சளாக ஆரம்பித்தது.

ஒன்றும் செய்யாதே என்றால் திருடக்கூடாது, உடைக்கக்கூடாது என்றுதானே நினைப்போம்? நான் தண்ணீர் ஊற்றினேன். எரு வைத்தேன். இலை இன்னும் மஞ்சளானது. அப்புறம் பழுப்பானது. பொங்கல் வரும்போது தொட்டியில் வெறும் மண்.

என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்தார். "இன்னாமே, எல்லாத்தயும் சாவடிச்சிட்ட. அந்தம்மா வந்தா நம்மள வெளிய அனுப்பிடும்."

"நான் ஒண்ணும் பண்ணலய்யா!"

"பண்ணாமயே இப்டின்னா, பண்ணியிருந்தா மண்டபமே இடிஞ்சிருக்கும்."

சிரித்துவிட்டோம். சிரித்தாலும் ராத்திரி இரண்டு பேருக்கும் தூக்கம் வரவில்லை. தோண்டிப் பார்க்க எனக்குக் கை வரவில்லை. உள்ளே அழுகிக் கிடந்தால் அந்த நிமிஷமே தெரிந்துபோகுமே... தெரியாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பங்குனியில் ஓனரம்மா வரப்போவதாகச் செய்தி வந்தது. மொட்டைத் தொட்டியை எப்படிக் காட்டுவது? சந்தையில் சிறுகீரை விதை வாங்கிவந்து எல்லாத் தொட்டியிலும் தூவினேன். கண்ணுக்குப் பச்சையாக ஏதாவது தெரிந்தால் திட்டு கொஞ்சம் குறையாதா? அவ்வளவுதான் என் மூளை.

அப்புறம் ஏதோ காரணத்தால் அவர் வருவது தள்ளிப்போனது. கீரை மட்டும் தள்ளிப்போகவில்லை. தளதளவென்று வளர்ந்தது. நாங்கள் கடைந்தும் துன்னோம், பொரித்தும் துன்னோம்.

கடைசியில் கார் வந்தது. ஓனரம்மா இறங்கினார். நான் நிறைமாச வயிற்றைப் பிடித்துக்கொண்டு தூண் பக்கத்தில் நின்றேன். வீட்டுக்காரர் தூணுக்குப் பின்னால்.

"ஏமே... பூந்தொட்டியில கீரையா போட்டே?"

அவர் குனிந்து கீரையை இரண்டு கையாலும் விலக்கினார். அப்படியே நின்றார். போச்சு, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"வந்துடிச்சி பாரு!"

எட்டிப் பார்த்தேன். கீரைத் தண்டுகளுக்கு நடுவில் கட்டைவிரல் அளவுக்கு மூக்கு மாதிரி ஒரு முளை. நுனியில் சிவப்பு. அடுத்த தொட்டியில் ஒன்று. அதற்கடுத்ததில் இரண்டு.

"ஒவ்வொரு வருசமும் எல காஞ்சி, கெழங்கு உள்ளயே தூங்கும். வெயில் வந்தா தன்னால எழுந்துக்கும். அதான் ஒண்ணும் பண்ணாதேன்னு சொன்னேன். நீ என்னடான்னா மண்ணு சும்மா கெடக்குதேன்னு கீரை போட்டிருக்கே. எந்த தெலிவே நீக்கு!"

தெலுங்கில் என்னைக் கெட்டிக்காரி என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

"ஆமாங்கம்மா, மண்ணு சும்மாதானே கெடக்குதுன்னு..." என்றேன்.

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல். அன்றைக்கு மத்தியானம் அந்தப் பாதித் திறக்கும் கதவு ரூமில் படுத்து, ஜெனரேட்டர் சத்தத்திலேயே சாயங்காலம் வரை தூங்கினேன். பத்து நாளில் எல்லாத் தொட்டியும் பூத்தது. அந்த மாதமே பெரியவனும் பிறந்தான்.

இப்போது திருப்பதியில் சொந்தமாக ஒரு பிளாட், பெரியவன் சம்பாத்தியம். பால்கனியில் அதே பந்துப்பூ. ஓனரம்மா கொடுத்த கிழங்கின் குட்டிகள். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது, பயம். அதனால் மண்ணைத் தோண்டிப் பார்க்கவில்லை, எல்லாம் பூத்தது. இன்றைக்கு அது தூங்குகிறது என்று நன்றாகத் தெரியும். பயமும் இல்லை. கைதான் சும்மா இருப்பதில்லை.

நேற்றுக் காலையும் கிளறிப் பார்த்தேன். முளை வந்திருந்தது. ஒடிந்து கையோடு வந்துவிட்டது.

அந்தத் தொட்டியில் சிறுகீரை தூவியிருக்கிறேன்.