நாற்பது செக்கன் வீடியோ

கடலரிப்பில் தோணி இழுத்துவைக்கப் போதிய கரை இல்லாமல் போன பிறகு, ஐம்பத்தாறு வயதில் அப்துல் கபூர் பிரதேச சபையின் குப்பை டிரக்டரில் ஏறினார். கணவனோடு கட்டாரில் இருக்கும் மகள் ஸுஹைறாவிடம் "சபையில வாச்சர் வேலை" என்று சொல்லிவைத்தார். சம்பந்தி வீட்டார் காதுக்கு உண்மை போனால் பிள்ளைக்குத்தான் தலைகுனிவு.

வேலையில் மனுசர் வலு கறார். ஹஜ்ஜுப் பெருநாளில் ஊரே ஆடு மாடு அறுத்து உழ்ஹிய்யா கொடுக்கும். வளவில் குழி வெட்டிப் புதைக்க வேண்டிய குடலையும் சாணத்தையும் சில புண்ணியவான்கள் சொப்பிங் பையில் கட்டி, விடியுமுன் கடற்கரையில் போட்டுவிட்டுப் போவார்கள். பையோடு புதைத்தால் உக்காது. ஆகவே கபூர் பை பையாக அறுத்து, உள்ளதை மணலில் கொட்டி, பையை வேறாக்கி, பிறகுதான் அங்கேயே வெட்டிய குழிக்குள் தள்ளுவார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை.

இந்த வருசம் அவர் கொட்டிக்கொண்டிருந்ததை யாரோ வீடியோ பிடித்துப் பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். நாற்பது செக்கன். அதில் குழியும் இல்லை, மண்வெட்டியும் இல்லை. நாற்றத்துக்கு முகத்தைத் துவாயால் மூடிய ஓர் ஆள், சபைச் சட்டையோடு குடலைக் கொட்டுகிறான். 'கடலை நாறடிக்கும் சபை' என்று தலைப்பு. கடற்கரைப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் காறித் துப்பினார்கள். பை கட்டிப் போட்டவர்களும் சேர்ந்து துப்பியிருப்பார்கள். அஸர் தொழுகைக்குள் இரண்டாயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள்.

போய்க் குழியைப் பார்க்கச் சபையில் ஒருவருக்கும் கால் எழவில்லை. "ஊர் வாய மூட வேணும், கபூர் காக்கா. குறை நினைக்காதீங்க" என்று சொல்லி, மேற்பார்வையாளர் அன்றே அவரை நிறுத்திவிட்டார்.

மஃரிபுக்குப் பிறகு ஸுஹைறா அழைத்தாள்.

"வாப்பா, நம்மட கடற்கரைய நாசமாக்கினதப் பாத்தீங்களா? நானும் ஷெயார் பண்ணினன். இந்தச் சபையால ஊருக்கு ஒரு பிரயோசனமுமில்ல எண்டு எழுதினன்."

பக்கத்தில் இருந்த மனைவி மைமூனா போனைப் பறிக்கக் கை நீட்டினாள். கபூர் கண்ணால் தடுத்தார்.

"நீங்க சபையிலதானே, அந்த ஆள உங்களுக்குத் தெரியுமா வாப்பா?"

"தெரியும் மகள். அவன நிப்பாட்டிட்டாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்! பாத்தீங்களா, நாங்க எல்லாரும் போட்டதாலதான்."

"ஓம் மகள்" என்றார் கபூர்.