மாணிக்கத்தின் மாத்திரையும் ஆத்தாளின் வாக்கும்

காலை ஒன்பதரை மணி, முப்பது மாத்திரை, மாணிக்கம்: மாதத்தின் முதல் வியாழக்கிழமை பெரம்பலூரில் என் மருந்துக்கடை இப்படித்தான் தொடங்கும். நோயாளிக்கு மருந்து கொடுப்பது சுலபம், அதை விழுங்க வைப்பதுதான் தொழில் என்பது கடை வைத்திருக்கும் உங்களுக்கும் தெரியும்.

வலி போன பிறகு

மாணிக்கம் வாலிகண்டபுரம் பக்கத்து விவசாயி. ஊர் மாரியம்மன் கோயிலில் சாமியாடி வாக்கு சொல்பவரும் அவர்தான். 1999இல் மாரடைப்பு வந்து, பிழைத்து, டாக்டர் எழுதிய அட்டனலால் சீட்டோடு வந்தார். நெஞ்சுவலிதான் போய்விட்டதே, மாத்திரை எதற்கு என்று கேட்டார். இதயம் தறிகெட்டு ஓடாமல் நிதானமாகத் துடிக்கத்தான் இது, நீங்களாக நிறுத்தக் கூடாது என்றேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இது மருந்து இல்லீங்க, கடிவாளம்."

பக்கத்து வீட்டுக் கோரிக்கை

ஒரு மாதம் அவர் மனைவி ரஞ்சிதம் வந்தார். வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். முன்பெல்லாம் குழம்பில் உப்பு கூடினால் தட்டு பறக்குமாம். இப்போது மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறாராம். இது தெருவுக்கே தெரிந்துவிட்டது.

"பக்கத்து வூட்டு அக்கா, அவங்க வூட்டுக்காரருக்கும் ஒரு அட்டை வாங்கியாரச் சொல்லுச்சுங்க."

கொடுக்கவில்லை. இதய நோயில்லாத கோபக்காரருக்கு என் கடையில் மருந்து கிடையாது.

வராத சாமி

அந்த வருட ஆடித் திருவிழாவில் பம்பை முழங்கியது, உடுக்கை அடித்தார்கள், சாம்பிராணிப் புகை கண்ணை மறைத்தது. மாணிக்கம் மஞ்சள் வேட்டியில் நின்றுகொண்டே இருந்தார். ஆத்தா வரவில்லை. மாத்திரைதான் வழிமறிக்கிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கை வலித்த பம்பைக்காரர் கேட்டதை மாணிக்கமே என்னிடம் வந்து சொல்லி வருத்தப்பட்டார்.

"என்னண்ணே, ஆத்தா டவுன் பஸ்ஸ விட்டுட்டாளா?"

வராத மாணிக்கம்

மறு வருடம் ஆடி மாத வியாழக்கிழமை ஆளைக் காணோம். ரஞ்சிதம்தான் ஓடிவந்தார். திருவிழாவுக்காக மாத்திரையை நிறுத்திவிட்டாராம். டாக்டருக்குப் போன் போட்டேன். திடீரென்று நிறுத்தினால் மறுபடியும் அடைப்பு வரலாம், இன்றே போடச் சொல்லுங்கள் என்று அதட்டினார். ஊர் டீக்கடைப் போனில் மாணிக்கத்தைப் பிடித்து அப்படியே சொன்னேன்.

"உசுரு போனா நான் ஒருத்தன்தாங்க. ஆத்தா வரலன்னா ஊருக்கே வாக்கு இல்லாம போயிடும்."

போனை வைத்துவிட்டார். ரஞ்சிதம் நான் கொடுத்த அட்டையை மடியில் செருகிக்கொண்டு பஸ் ஏறினார்.

வந்த சாமி

அன்று சாயங்காலமே காப்புக் கட்டு. முதல் பம்பை அடிக்குள் ரஞ்சிதத்தின் மேல் ஆத்தா இறங்கிவிட்டாள். புருஷனைப் பேர் சொல்லி அழைத்து, பெரம்பலூர் மாத்திரையைப் போட்டால்தான் இந்த எல்லையில் இருப்பேன் என்றாளாம். காலையில், சாப்பாட்டுக்குப் பிறகு, ஒன்று மட்டும் என்று அளவையும் சொன்னாளாம். மாணிக்கம் ஊர் பார்க்க, தீர்த்தத்தில் விழுங்கினார்.

அடுத்த மாத வியாழன் கடைக்கு வந்த ரஞ்சிதத்திடம், வந்தது நிஜமாகவே ஆத்தாதானா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"சாமி வந்தவளுக்கு என்னா பேசினோம்னு தெரியுமாங்க? ரெண்டு மாசத்துக்குச் சேத்தே கொடுங்க."

டாக்டர் எழுதி, நான் எடுத்துச் சொல்லியும் நடக்காத வைத்தியம், அம்மன் கையெழுத்துப் போட்ட பிறகு ஒழுங்காக நடந்தது.

2006 ஆடித் திருவிழாவில் வாக்கு சொன்னது ரஞ்சிதம். மாணிக்கம் பக்கத்தில் நின்று விபூதித் தட்டைப் பிடித்திருந்தார்.