லில்லி அக்கா துடைத்த பிளாஷ்

ஊசி போடுமுன் நர்ஸம்மா பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் கையில் தடவும்போது, அந்தக் குளிர்ச்சியும் வாசமும் என்னை நேராக ஏற்காட்டுக் கோயிலில் நான் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளுக்குக் கொண்டுபோய்விடும். கூடவே என் அக்கா லில்லி மேல் இருந்த வயிற்றெரிச்சலும் வந்துவிடும்.

எழுபதுகளில் நடந்தது. பூசை முடிந்து, வெள்ளை கவுன் போட்ட பிள்ளைகள் நாங்கள் படம் எடுக்கப் பீடத்துக்கு முன்னால் வரிசையாக நிற்கிறோம். வெளியே ஆள் தெரியாத பனி, உள்ளே இருட்டு. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த எங்கள் சித்தப்பா காமிராவை அமுக்குகிறார், பிளாஷ் எரியவில்லை. மழைக்காலம் முழுக்க பேட்டரியை உள்ளேயே விட்டிருந்ததால், அது உட்காரும் தகட்டில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது.

களிம்பு என்றால் அது என் வேலை. அந்தக் கோயிலின் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளை என்னைப்போல் தேய்க்க ஆள் கிடையாது, இன்றும் சொல்வேன். பின்னறைக்கு ஓடி, முந்தின நாள் தண்டு தேய்த்த மிச்சப் புளியை எடுத்துவந்து நீட்டினேன்.

"ஏனுங் சித்தப்பா, நான் தேய்க்கறனுங்க."

"புளித்தண்ணி உள்ளார போச்சுன்னா பிளாஷு செத்துப்போகும் சாமி. நீ கவுன நனைச்சுக்காம நில்லு. லில்லி, நீ வா கண்ணு."

"கொழம்பு வெக்க வந்துட்டா," என்றாள் அக்கா. வரிசையே சிரித்தது.

எரிகிற மெழுகுவர்த்திகளுக்கு எட்டத்தில், சன்னலோரம் அவளை உட்காரவைத்து, பேட்டரிகளைக் கழற்றி, காமிராப் பையிலிருந்த ஸ்பிரிட்டையும் பஞ்சையும் கொடுத்து, "ஸ்பிரிட்ட ஊத்தப்படாது, பஞ்சுல தொட்டுப் புழிஞ்சு தகட்ட மட்டும் தொடை, ஸ்குரூவத் தொடாத, பேட்டரி இல்லாட்டியும் உள்ளார கரண்டு நிக்கும்" என்று சொல்லிக்கொண்டே சித்தப்பா பக்கத்திலேயே நின்றார். அவள் தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, குழந்தைக்குக் காது துடைக்கிற மாதிரித் துடைத்தாள். விடாத கறையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, தூளைக் கவிழ்த்துத் தட்டி, ஈரம் காய்கிறவரை கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

புதுப் பேட்டரி போட்டதும் சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது. பிளாஷை வயரோடு அவள் கையிலேயே கொடுத்து, ஓரமாக நின்று உயரப் பிடிக்கச் சொன்னார் சித்தப்பா. புதுநன்மை எனக்கு, மெச்சுதல் அவளுக்கு.

இப்போது சித்தப்பாவும் இல்லை, அந்தக் காமிராவும் இல்லை. கோயிலில் எரிவது கரண்டு மெழுகுவர்த்தி, தேய்க்கத் தண்டும் கிடையாது. படம் மட்டும் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் நேரே பார்க்க, நான் ஒருத்தி மட்டும் ஓரமாகத் திரும்பி முறைக்கிறேன். படத்தில் அக்கா இல்லவே இல்லை. ஆனாலும் வருகிறவர்கள் என் கவுனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை, நான் பார்க்கும் பக்கத்தைக் காட்டி, "அங்க யாருங்க நின்னது?" என்றுதான் கேட்கிறார்கள்.