ஐந்தாவது கோரிக்கை

பதுளை பஸார் வீதியில் ஹஸீபின் போன் கடைக்குப் போகிறவர்கள் ஹஸீபைத்தான் பார்ப்பார்கள். கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு மூன்று மொழியிலும் பேசுவான். உடைந்த போனை வாங்கி ஒரு சின்னத் தட்டில் வைத்து, பலகைத் தடுப்பில் வெட்டியிருக்கும் சதுர ஓட்டை வழியாக உள்ளே தள்ளுவான். ஒரு மணித்தியாலத்திலோ மறுநாளோ அந்தத் தட்டு அதே ஓட்டை வழியாகத் திரும்பி வரும். உள்ளே இருப்பது அவனுடைய தங்கை ஜிப்னா.

ஜிப்னாவுக்கு இப்போது முப்பத்தேழு வயது. உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவு எடுத்தாள். பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி எட்டவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் இலத்திரனியல் படித்தாள். கல்யாணமாகிப் பண்டாரவளைக்குப் போனவள் மூன்று வருடத்தில் கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். ஏன் என்று அவள் சொல்வதில்லை, அந்தக் கடைக்கு அடிக்கடி போய்வரும் நானும் கேட்டதில்லை. வந்த இரண்டாவது வாரமே, நானா என்று அவள் கூப்பிடும் அண்ணனின் கடையில் வேலைக்கு உட்கார்ந்துவிட்டாள். தடுப்புக்கு உள்ளே உட்கார்ந்தது அவள் விருப்பம்தான். ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றால் கை ஓடாது என்பாள்.

மடிக்கிற போன் பதுளையில் அரிது. அந்தக் கடைக்கு வந்தவை பெரும்பாலும் எல்ல என்ற மலையூரிலிருந்து வந்தவை. அங்கே ஒரு ஹோட்டலில் மேலாளராக இருந்த லிங்கம் என்பவரிடம் புத்தகம் போல விரியும் போன் ஒன்று இருந்தது. விடியற்காலைக் குளிரில் விருந்தினர்களைச் சூரியோதயம் பார்க்க மலைக்குக் கூட்டிப் போவது அவர் வேலை. ஒரு டிசம்பர் மாதம் மேலே நின்று படம் எடுக்கப் போனை விரித்தபோது, திரையின் நடுமடிப்பில் மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. ஹஸீப் வெளிநாட்டிலிருந்து மாற்றுத் திரை வரவழைத்தான், ஜிப்னா பொருத்தினாள். ஜனவரியில் அதே மலையில் அதே இடத்தில் கோடு விழுந்தது. இன்னொரு திரை போட்டார்கள். பெப்ரவரியில் அதுவும் போயிற்று.

மூன்றாம் முறை லிங்கம் சத்தம் போடவில்லை. போனை அலுமாரியின் மேல் வைத்து, "ஹஸீப், எனக்குக் கோபம் இல்லங்க. ஆனா இது ஏன் இப்படி ஆகுதுன்னு யாராவது பாருங்க" என்றார்.

தடுப்புக்குப் பின்னால் இருந்தவளுக்கு அது கேட்டது. அன்றைக்கே அவள் பார்க்கத் தொடங்கினாள்.

வளையும் திரை கண்ணாடித் துண்டு அல்ல. ஒளிரும் ஏடு ஒன்று, அதற்கு மேலும் கீழும் பசை, எல்லாவற்றுக்கும் அடியில் தாங்குவதற்கு முடியை விட மெல்லிய எஃகுத் தகடு. மடிகிற இடத்தில் தகடு வளையவேண்டும் என்பதற்காக அதில் வரிசையாகக் கீறல் கீறலாக வெட்டியிருப்பார்கள். ஜிப்னா செத்த திரைகளை ஒவ்வோர் ஏடாகப் பிரித்தாள். பிறகு அவற்றைப் பொலித்தீனில் சுற்றி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இறைச்சிக்குப் பக்கத்தில் வைத்தாள். விறைத்ததும் எடுத்து மடியில் வைத்து, மடித்து விரித்து மடித்து விரித்து எண்ணுவாள்.

"இதென்ன, சாப்பிடுற சாமான் வைக்கிற எடத்துல?" என்று அவள் தாயார் கேட்டார்.

"எல்ல மலைய வீட்டுக்குக் கொண்டு வந்தீக்கிறேன் உம்மா" என்றாள் ஜிப்னா.

குளிரில் பசை இறுகிவிடுகிறது என்பது முதல் வாரத்திலேயே புரிந்தது. இறுகினால் ஏடுகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்காது. வழுக்காவிட்டால் மடிப்பில் இழுபடும். ஆகவே மடிகிற இடத்தில் பசை பூசாமல் விட்டுப் பார்த்தாள். அப்படியும் உடைந்தது, ஆனால் நடுவில் அல்ல, சற்று ஓரத்தில். பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, பசை முடிகிற கோடும் தகட்டின் கீறல்கள் முடிகிற கோடும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்திருந்தன. உடைவு அங்கிருந்துதான் கிளம்பியிருந்தது.

அவள் சொந்தமாகத் தகடு செய்யத் தொடங்கினாள். மெல்லிய எஃகுத் தாளில் வரைபடத்தை ஒட்டி, சர்க்கியூட் பலகை அரிக்கிற மருந்தில் போட்டால் வேண்டிய இடத்தில் கீறல் விழும். நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் விலக்கியும் கீறல் வைத்தாள். பசை இல்லாத பகுதியைக் கீறல் பகுதியை விட இரண்டு பக்கமும் இரண்டு மில்லிமீற்றர் அகலமாக்கினாள். அப்படிச் செய்த தகடு பதினொன்றாவது. அதைப் போட்ட திரை விறைத்த நிலையில் நாலாயிரம் தடவை மடிந்தது. அதற்கு மேல் எண்ண அவளுக்குக் கை வலித்தது. லிங்கத்தின் போனில் அதே மாதிரித் தகடு ஒன்று போனது. அடுத்த டிசம்பர் கடந்தது, ஜனவரியும் கடந்தது.

பேட்டன்ட் எடுக்கலாம் என்று சொன்னவர் லிங்கம்தான். ஆக்கவுரிமை விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஒருவரைப் பதுளையிலேயே ஹஸீப் பிடித்தான். ஜிப்னா படங்கள் வரைந்தாள், ஒரு கொப்பி நிறைய விளக்கம் எழுதிக் கொடுத்தாள். எழுதுகிறவர் அதை ஆங்கிலமாக்கி, எது எது தங்களுக்கே உரியது என்று எண்ணிட்ட எட்டுக் கோரிக்கைகளாகப் பிரித்தார். முதலாவது மிக விரிந்தது: மடிப்பில் இடைவெளி மாறுபடும் கீறல்கள் கொண்ட தகடுள்ள எந்தத் திரையும் தங்களுடையது என்றது. பசைக்கோடு பற்றிய விஷயம் ஐந்தாவதாக, இரண்டு வரியில் ஒதுங்கிக் கிடந்தது. படிவத்தில் 'கண்டுபிடித்தவர்' என்று ஓர் இடம் இருந்தது. எழுதுகிறவர் ஹஸீபிடம் கடை யார் பேரில் என்று கேட்டார். ஹஸீப் தன் பேரைச் சொன்னான். அதுவே அந்த இடத்திலும் ஏறியது.

ஜிப்னா அதைப் படித்துவிட்டுத்தான் தபாலுக்குக் கொடுத்தாள். அப்போது என்ன நினைத்தாள் என்று ஒருமுறை கேட்டேன்.

"கடை போர்ட்லயும் நானாட பேர்தானே ஈக்குது. அந்த மாதிரின்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "கொஞ்சம் குத்தினதுதான். ஆனா சொல்லல்ல" என்றாள்.

ஒரு வருடத்துக்கும் மேலாகிக் கொழும்பு ஆக்கவுரிமை அலுவலகத்திலிருந்து ஆய்வு அறிக்கை வந்தது. நாலு பக்கம். முதல் நான்கு கோரிக்கைகளும் புதியவை அல்ல என்றது. ஆதாரமாக ஒரு கொரிய ஆவணத்தின் எண்ணும் படமும் இணைத்திருந்தார்கள். ஜிப்னா அந்தப் படத்தைப் பார்த்தாள். நடுவில் நெருக்கமாக, ஓரத்தில் விலகிய கீறல்கள். அவள் கொப்பியில் வரைந்தது போலவே இருந்தது. தேதி எட்டு வருடம் முந்தியது.

அன்று பின்னேரம் அவள் வேலை செய்யவில்லை. தட்டுகள் ஓட்டையில் தேங்கின. ஹஸீப் எட்டிப் பார்த்து, "விடு ஜிப்னா. அவங்க பெரிய கம்பெனி. நாம எங்க, அவங்க எங்க?" என்றான்.

"அதில்ல நானா. நான் பத்துத் தகட்ட வீணாக்கித்தான் இந்த எடத்துக்கு வந்தேன். அங்க ஒரு ஆளும் இதே மாதிரித்தான் வந்தீக்கணும்" என்றாள்.

அவளுக்கு வருத்தம் இருந்தது. ஆனால் அதைவிட, அந்தக் கொரிய ஆவணத்தை முழுக்கப் படிக்கவேண்டும் என்ற பரபரப்பு அதிகமாக இருந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பை இறக்கி, அகராதியை வைத்துக்கொண்டு பன்னிரண்டு நாளில் படித்து முடித்தாள். அதில் பசையைப் பற்றி இருந்தது ஒரே வசனம்: பசை தகடு முழுவதும் பூசப்படலாம், அல்லது கீறல் பகுதியில் தவிர்க்கப்படலாம். எந்தக் கோட்டில் நிறுத்துவது என்று எங்குமே இல்லை.

பதில் எழுதினார்கள். அது போதவில்லை. நேரில் வந்து விளக்குமாறு கடிதம் வந்தது. அண்ணனும் தங்கையும் காலை ரயிலில் புறப்பட்டார்கள். மாதிரித் தகடுகளைக் கொண்டுபோவதற்காகத்தான் ஜிப்னா கூடப் போனாள். கொழும்பில் தெமட்டகொடையில் உறவினர் வீட்டில் தங்கி மறுநாள் அலுவலகம் போனார்கள்.

ஆய்வு செய்த அதிகாரி சிவானுஜா என்ற பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். மேசையில் விண்ணப்பமும் கொரியப் படமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

"வாங்க, உக்காருங்க. தமிழ்லயே பேசலாம். நானும் உங்க பதுளை மாவட்டம்தான், ஹல்துமுல்லைப் பக்கம்" என்றார். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார். "முதல் நாலும் நிக்காது. அது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அஞ்சாவதுல பசை இல்லாத பகுதி கீறலை விட அகலம்னு எழுதியிருக்கீங்க. ஏன் அகலம்?"

ஹஸீப் தொண்டையைச் செருமினான். "அது மிஸ், அப்பதான் நல்லா வளையும்."

"குறுகலா இருந்தாலும் வளையுமே. கொரியாக்காரங்களோடதும் வளையுது. ரெண்டு மில்லிமீற்றர்னு சொல்றீங்க. ஒன்னு ஏன் இல்ல, அஞ்சு ஏன் இல்ல?"

ஹஸீப் தங்கையைத் திரும்பிப் பார்த்தான்.

ஜிப்னா தன் பையிலிருந்து மூன்று தகடுகளை எடுத்து மேசையில் வைத்தாள். "ஒன்னு வெச்சா, பசை சூட்டுல கொஞ்சம் பரவி மறுபடியும் கீறல் முடியிற கோட்டுக்கே வந்துருது மிஸ். ரெண்டு கோடும் ஒரே எடத்துல விழுந்தா இழுவை முழுக்க அந்த எடத்துக்குத்தான். இது ஒன்னு வெச்சது, இங்க பாருங்க, ஓரத்துல. அஞ்சு வெச்சா திரை தகட்ட விட்டுத் தூக்குது, விரல் வெச்சா பள்ளம் தெரியும். இது அஞ்சு. ரெண்டுலேருந்து மூணுக்குள்ள வெச்சாத்தான் இந்த ரெண்டு கோளாறும் வராது."

சிவானுஜா தகடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குளிரைப் பற்றிக் கேட்டார், பசை எந்த வகை என்று கேட்டார், எத்தனை மாதிரி செய்தீர்கள் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஜிப்னாதான் பதில் சொன்னாள். இடையில் ஒரு கேள்விக்குத் தெரியாது என்றாள். அதையும் அவர் குறித்துக்கொண்டார். ஏறக்குறைய முக்கால் மணித்தியாலம் போயிற்று.

பேனையை வைத்துவிட்டு அவர் ஹஸீபைப் பார்த்தார். "இன்னொரு விஷயம். கண்டுபிடிச்சவர்னு உங்க பேர் இருக்கு. இது உங்க ரெண்டு பேரோடதா, ஒருத்தரோடதா?"

ஜிப்னா தகடுகளைத் திரும்ப உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். "கடை நானாடதான் மிஸ்..." என்று தொடங்கினாள்.

"கடையைக் கேக்கலங்க. இதை யோசிச்சது யாருன்னு கேக்குறேன். விண்ணப்பதாரர் வேற ஆளா இருக்கலாம், அதுல பிரச்சினை இல்ல. ஆனா கண்டுபிடிச்சவர் பேர் உண்மையா இருக்கணும்."

ஹஸீப் மேசையில் இருந்த விண்ணப்பத்தைத் தன் பக்கம் திருப்பித் தன் பேரைப் பார்த்தான். அவன் கெட்டவன் அல்ல. பத்து வருடமாகத் தட்டை உள்ளே தள்ளி, திரும்பி வந்ததை எடுத்துக் கொடுத்து, நன்றி சொன்னவர்களின் நன்றியையும் தானே வாங்கிப் பழகியிருந்தான், அவ்வளவுதான்.

"இவள்ட வேலை மிஸ்" என்றான். "நான் தகட்ட வெட்டவும் இல்ல, யோசிக்கவும் இல்ல. பேர் கேட்டாங்க, என்ட பேரச் சொல்லிட்டேன். எங்க கையெழுத்து வெக்கணும்?"

திருத்தத்துக்கான படிவத்தை அவர் விளக்கினார். முதல் நான்கு கோரிக்கைகளைக் கைவிட்டு, ஐந்தாவதை இரண்டிலிருந்து மூன்று மில்லிமீற்றர் என்ற அளவோடு திருத்தி எழுதும்படியும் சொன்னார். கிடைக்குமா என்று ஹஸீப் கேட்டதற்கு, "எழுதி அனுப்புங்க, பாக்குறேன். இப்பவே வாக்குக் குடுக்க முடியாது" என்றார்.

வெளியே வந்து மருதானையில் ஒரு கடையில் பால் சேர்க்காத பிளேன்டீ குடித்தார்கள். "நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாம்" என்றான் ஹஸீப்.

"நீங்க கேட்டிருக்கலாம் நானா" என்றாள் ஜிப்னா. திரும்பும் ரயிலில் ஹப்புத்தளை தாண்டும்போது, திருத்தப் படிவத்தை முழங்காலில் வைத்துத் தங்கையின் பேரை அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்துப் பிழையில்லாமல் நிரப்பினான். விண்ணப்பதாரர் இடத்திலும் அவள் பேரையே எழுதினான். அதை யாரும் அவனிடம் கேட்கவில்லை.

பத்து மாதம் கழித்து, ஒரு முறை மேலும் திருத்தம் கேட்ட பிறகு, ஆக்கவுரிமை கிடைத்தது. எட்டுக் கோரிக்கைகளில் எஞ்சியது இரண்டு: ஐந்தாவதும் அதைச் சார்ந்த இன்னொன்றும். பதிவுத் தபாலைக் கொண்டு வந்தவர் ஹஸீபிடம் கையெழுத்துக் கேட்டார். "எனக்கில்ல, உள்ளுக்கு ஈக்கிறவளுக்கு" என்று அவன் தடுப்பைத் தட்டினான். கையுறையைக் கழற்றிக்கொண்டு ஜிப்னா வெளியே வந்து கையெழுத்து வைத்தாள். கடையில் நின்ற மூன்று பேர், இந்தக் கடையில் ஒரு பெண் வேலை செய்கிறாள் என்பதை அப்போதுதான் அறிந்தார்கள்.

பெரிய கம்பெனி எதுவும் பதுளைக்கு வரவில்லை. போன் திருத்துபவர்கள், கண்டியில் ஒருவரும் நுவரெலியாவில் ஒருவரும், அவளுடைய முறையில் தகடு பொருத்த அனுமதி கேட்டு எழுதினார்கள். இருவருக்கும் கொடுத்தாள். விரிந்த முதல் கோரிக்கை போனதில் அவளுக்கு இன்றும் கொஞ்சம் மனக்குறை உண்டு. ஆனால் கொரியாக்காரன் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்லியிருந்தால் அது இன்னும் மோசமாக இருந்திருக்கும் என்கிறாள்.

இதுவரை அறுபத்தொரு போன்களில் அந்தத் தகடு போயிருக்கிறது. நான்கு திரும்பி வந்தன. ஒன்று தண்ணீரில் விழுந்தது, இரண்டு காற்சட்டையின் பின்பக்கெற்றில் வைத்து உட்கார்ந்ததால் நசுங்கியவை. நான்காவது பசறை ஊர் ஆசிரியை ஒருவருடையது. எந்த அடியும் படவில்லை, குளிரிலும் நிற்கவில்லை, ஆனாலும் மடிப்பில் கோடு விழுந்திருக்கிறது. ஆசிரியைக்கு வேறு திரை போட்டுக் கொடுத்துவிட்டாள். பழையதை ஏடு ஏடாகப் பிரித்துப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்திருக்கிறாள். நான் போன வாரம் போனபோது அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.