விட்டு விட்டு வரும் வீடியோ

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவள் என்ற ஒரே பாவத்துக்காக, எங்கள் கட்டடத்தில் ஒயர் வைத்த எது மக்கர் செய்தாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். எனக்குத் தெரிந்தது கடிதம் அடிப்பதும் அச்சு எடுப்பதும்தான். சொன்னால் யார் நம்புகிறார்கள்? ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழ்வீட்டுக் கப்பல்காரர் வந்து நின்றபோது எனக்கு எரிச்சல் வரவில்லை. பைக் விபத்தில் ஒரே மகனைப் பறிகொடுத்துவிட்டு, கப்பல் வேலையை உதறி வீட்டோடு வந்துவிட்டவர் அவர்.

"பையனோட கம்ப்யூட்டர்ல ஒரு வீடியோ இருக்கும்மா. எனக்குன்னு பேசி எடுத்திருக்கான், ஆனா அனுப்பல. போட்டா விட்டு விட்டு வருது, பாதியில நின்னுடுது. அவன் கடைசியா என்ன சொல்ல வந்தான்னு நான் கேட்கணும்."

அவர் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னதே தெருமுனை வரை கேட்டிருக்கும். கப்பலில் இஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிற வேலை. அந்த இரைச்சலில் பாதிக் காதைப் பறிகொடுத்து, வருஷத்துக்கு ஒன்றிரண்டு மாதம் விருந்தாளி மாதிரி வீட்டுக்கு வந்துபோய், இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர். நான் குடிவந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. பையனை மாடிப்படியில் பார்த்திருக்கிறேன். சிரிப்பான், ஒதுங்கி வழிவிடுவான், அவ்வளவுதான்.

அந்த அறையில் அவன் சட்டை இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்கியது. கப்பல்காரர் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, சூடு என்றார். காய்ச்சல் பார்க்கிற கைதான் அது. பக்கவாட்டு மூடியைக் கழற்றினோம். உள்ளே தலையணைக்குப் பஞ்சு அடைத்த மாதிரி தூசி. ஸ்குரூக்களை ஒரு தட்டில் கழற்றிய வரிசையிலேயே வைத்துக்கொண்டு, பெயிண்ட் பிரஷ்ஷால் அந்தச் சின்னக் காற்றாடியைச் சுத்தம் செய்தார். நான் கூடவே வேறு சிலதையும் மாற்றப் போனால் தடுத்தார். ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், அப்புறம் அடுத்தது. இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது என்பது அவருடைய இஞ்சின் அறைச் சட்டம்.

சமையலறையிலிருந்து அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், ஒருமுறை எட்டிப் பார்த்தார். "அதை அப்படியே விட்டுடுங்களேன்" என்றார். இவர் காதில் விழவில்லை.

மூடியைப் போட்டு ஓட்டினோம். படம் கொஞ்சம் தேறியது. பிறகு கம்ப்யூட்டர் திறந்ததும் தானாக ஓடத் தொடங்குகிற சாமான்களை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். இடம் அடைத்துக்கொண்டிருந்த விளையாட்டுகளை நீக்கவா என்று கேட்டதற்கு மட்டும், "அவன் வச்ச எதையும் அழிச்சிடாதம்மா" என்றார். சரி என்று வேறொரு பிளேயரில் போட்டேன். இப்போது படம் தண்ணீராக ஓடியது. எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

ஆனால் பேச்சு ஓடவில்லை. பையன் அந்த அறையிலேயே அதே நாற்காலியில் உட்கார்ந்து, "அப்பா" என்று ஆரம்பிக்கிறான். கொஞ்சம் போனதும் நிற்கிறது. மறுபடி வருகிறது, மறுபடி நிற்கிறது. மூன்றாவதாக ஓர் இடத்தில் நின்றால் நின்றதுதான். கப்பல்காரர் உடனே மவுஸைத் தட்டி முதலிலிருந்து போடுவார். அதற்கு மேல் பொறுக்க அவரால் முடியவில்லை.

"ஃபோன்லயும் இதே தொல்லைதாம்மா. அவன் பேச ஆரம்பிச்சாலே லைன் விட்டு விட்டு வரும். உடனே அவங்கம்மா வாங்கிக்குவா" என்றார். மற்றபடி மகன் தன்னைப் போலவே அளந்து பேசுகிறவன் என்று அவருக்குப் பெருமை. கப்பலில் எல்லோரிடமும் அதைச் சொல்லியிருக்கிறாராம்.

மாடிக்குப் போய் என் லேப்டாப்பைக் கொண்டுவந்து வீடியோவை அதில் ஏற்றினேன். புத்தம் புதியது, எதற்கும் திணறாதது. அதிலும் அதே மூன்று இடங்களில் நின்றது. வீடியோவே பழுது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று பெரிய நிபுணி மாதிரி தீர்ப்புச் சொன்னேன்.

அவர் பையனுடைய கம்ப்யூட்டரிலேயே மறுபடி போட்டார். மூன்றாவது இடத்துக்கு வந்ததும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். பையனுக்குப் பின்னால் ஒரு மேசை விசிறி. அவர் வாங்கிக்கொடுத்ததுதான்.

"ஃபேன் நிக்கலயேம்மா" என்றார்.

நிற்கவில்லை. பையன் பேச்சு நின்றிருந்த அந்த நேரம் முழுக்க விசிறி இடதும் வலதுமாகத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. அவர் சட்டென்று வீடியோவை நிறுத்தினார்.

அண்ணி வாசற்படியில் துண்டில் கையைத் துடைத்தபடி நின்றிருந்தார்.

"கம்ப்யூட்டர்ல ஒண்ணுமில்லைங்க. அவனுக்குத் திக்கும்."

பையனுக்கு அஞ்சு வயசு இருக்கும்போது, லீவில் வந்திருந்தவரிடம் பள்ளிக்கூடத்துக் கதை ஏதோ சொல்லப்போய்ச் சிக்கிக்கொண்டானாம். சொன்னால் நேராகச் சொல், இல்லையென்றால் சொல்லாதே என்று இவர் ஓர் அதட்டுப் போட்டாராம். இவர் அதை மறந்துவிட்டார். அவன் மறக்கவில்லை. அதற்கப்புறம் அப்பா எதிரில் "ம்", "சரிப்பா" என்பதோடு சரி. ஃபோனில் அவன் சிக்கும்போதெல்லாம் அண்ணி பிடுங்கிக்கொண்டு, லைன் சரியில்லை என்று சொல்லியிருக்கிறார்.

"லைன் எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அண்ணி.

கப்பல்காரர் ரொம்ப நேரம் தட்டில் மிச்சமிருந்த ஒரு ஸ்குரூவையே உருட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லார்கிட்டயும் அப்படித்தானா?"

"உங்ககிட்ட பேசும்போதுதான் அதிகம்."

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அழுகையை அடக்கத் தெரியாத ஜென்மம் நான். ஆனால் அவர் என் பக்கம் திரும்பி, "இன்னொரு தடவை போடும்மா" என்றார். போட்டேன். இந்த முறை அவர் மவுஸைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பா, நீங்க இந்தத் தடவ... வரும்போது... நான் உங்ககிட்ட ஒண்ணு..."

அங்கே சிக்கியது. உதடு துடிக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறான். விசிறி போய்ப் போய் வருகிறது. கப்பல்காரர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு அவ்வளவு மெதுவாகப் பேச வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"அவசரமில்லப்பா. அப்பா இங்கதான் இருக்கேன். மெதுவா சொல்லு."

பையன் கண்ணைத் திறந்தான். இல்லை என்பதுபோல் தலையசைத்து லேசாகச் சிரித்தான். பிறகு அவன் கை முன்னால் வந்தது. பேச்சுத்தான் அவ்வளவு சிக்கியது. கை எங்கும் சிக்காமல் நேராக வந்து வீடியோவை நிறுத்தியது.